நாற்பத்தொரு தப்பு

நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்தொரு பேர் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள். பரீட்சை அதிகாரி சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விடைத்தாள் கட்டை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பதில் எழுதுகிற பரீட்சை. பதிவில் ஒரு கடைக்காரரும் ஒரு பெண்ணும் பேசிக்கொள்வார்கள். அதிலிருந்து இருபது கேள்வி.

இருபதாவது கேள்வி, பேச்சு முடியும்போது என்ன சத்தம் கேட்டது என்பது. டெலிபோன் மணி, மழை, நாய் குரைப்பு, அபாயச் சங்கு என்று நான்கு கொடுத்து, ஒன்றைக் குறிக்கச் சொல்லியிருந்தது. பதிவில் இருந்தது டெலிபோன் மணி. நாற்பத்தொரு பேரும் சங்கைக் குறித்திருந்தார்கள்.

மற்றக் கேள்விகளில் ஆளுக்கொரு தப்பு. அது இயற்கை. கடைசிக் கேள்வியில் மட்டும் சுத்தமான ஈயடிச்சான் காப்பி.

அவர் உட்கார்ந்திருந்தது கூடத்தின் கோடியில் இருந்த கண்ணாடி அறை. பதிவை ஓட்டும் கருவி அங்கேதான் இருந்தது; ஒலிபெருக்கி கூடத்தில். "கதவைச் சாத்திட்டா இடி விழுந்தாக்கூட உள்ளே கேக்காது சார்" என்று காலையில் பியூன் பெருமை பேசியிருந்தான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவரே கருவியை முடுக்கி, பதிவு முடிந்ததும் வெளியே வந்து தாள்களை வாங்கினார். வாங்கும்போது பதினேழாம் எண் பெண் தாளை உடனே விடவில்லை. பரீட்சைப் பயம் என்று விட்டுவிட்டார்.

அடுத்து வாசிப்புத் தேர்வு. வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, மறுபடி கண்ணாடி அறைக்குள் புகுந்து திருத்த ஆரம்பித்தவருக்குத்தான் இந்த அதிசயம் கிடைத்தது.

கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்த்தார். வாசிப்பு வினாத்தாள் ஆறு பக்கம். கால்மணி நேரமாகியும் ஒருத்தராவது முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒரு பென்சில் உருண்டு நடுவழியில் கிடந்தது. அதை எடுக்கக்கூட யாரும் குனியவில்லை.

பின்பக்க ஜன்னலில் பார்த்தால், தலைமையாசிரியர் மைதானத்தைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ஓடவும் செய்யும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது. இந்தப் பரீட்சையில் தேறினால் நகரத்தில் மேல்படிப்பு. தவறினால் அப்பன் இறங்குகிற குழியில் பிள்ளையும் இறங்க வேண்டியதுதான். காப்பி என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும், மொத்த வகுப்பும் குழிக்குத்தான்.

தாள்களை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"எல்லாரும் பேனாவை வைங்க. கடைசிக் கேள்விக்கு யார் பதில் சொல்லிக் கொடுத்தது?"

பட்டப்பெயரே வக்கீல் என்று வாங்கியிருந்த பையன் மட்டும் இருந்த இடத்திலிருந்து பேசினான்.

"யாரும் சொல்லலை சார். கேட்டுச்சு. கேட்டதைத்தானே குறிக்கச் சொன்னீங்க."

"ஓகோ. எண்பத்திரண்டு காதுக்கும் ஒரே மாதிரி தப்பாக் கேட்டுச்சாக்கும்?"

"இல்லை சார், வெளியில..."

"வெளியில வேற ஆள் வெச்சிருக்கீங்களா? பலே. உங்க தலைமையாசிரியர் ஓடறப்பவே நினைச்சேன்."

வக்கீல் வாதத்தை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தான்.

"நாங்க போகலாமா சார்?"

"எங்கே போறது? மணியடிக்கிறதுக்கு முன்னால எழுந்தா பூஜ்யம்னு காலையிலேயே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"அப்போ உக்காரு."

அவன் எழுந்திருக்கவே இல்லை என்பது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. கோபம் இன்னும் ஏறியது. கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"வெட்கமா இல்லை உங்களுக்கு? இத்தனை பேர்ல ஒருத்தி, ஒரே ஒருத்தி டெலிபோன்னு சரியாக் குறிச்சிருக்கா. காது இருந்தா மட்டும் போதாது, கவனமும் வேணும். பதினேழாம் எண் யாரு? எழுந்திரும்மா."

பெண் எழுந்திருக்கவில்லை. "பூஜ்யம் போடுவீங்களே சார்" என்றாள்.

"நான்தான் சொல்றேன், எழுந்திரு. உனக்கு முழு மார்க். இந்தக் கழுதைங்களுக்குச் சொல்லு, கடைசியில உனக்கு என்ன சத்தம் கேட்டுச்சு?"

மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். தோழிகள் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் சங்குதான் சார் கேட்டுச்சு. பதிவுல இல்லை, வெளியில. மூணு தடவை. குழி இடிஞ்சாத்தான் மூணு தடவை ஊதுவாங்க."

கையிலிருந்த தாளை அதிகாரி கீழே இறக்கினார். கேட்காமல் விட்டிருக்கலாம். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"பின்னே நீ ஏம்மா டெலிபோன்னு குறிச்சே?"

"எங்கப்பா கீழே இருக்காரு சார். டெலிபோனா இருக்கட்டும்னு குறிச்சேன்."