இடது கண்ணில் மட்டும்

டாக்டர் துளியூண்டு புளியைக் கிள்ளி என் நாக்கில் வைத்தார். வாய் ஊறுவதற்குள் இடது கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது.

அவர் சிரித்தார். 

பயப்பட ஒன்றுமில்லை என்றார். போன ஐப்பசியில் பஸ் ஓட்டும்போது எதிர்காற்று அடித்து என் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டதே, அது காற்றுமில்லை கருப்புமில்லை, முகவாதம். அந்தப் பக்கத்து நரம்பு அப்போது செத்துப்போனதாம். வெட்டிய முருங்கை துளிர்க்கிற மாதிரி இப்போது மறுபடி வளர்ந்திருக்கிறது.

போய்ச் சேரவேண்டிய இடம் ஏதோ ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டு, வா வா என்று கூப்பிடுமாம். நரம்பின் நுனி அதைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் ஊர்ந்து போகுமாம். எனக்கு எச்சில் சுரப்பிக்குப் போகவேண்டிய நரம்பு, வழி தவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டது. திண்டுக்கல் வண்டி நத்தம் ரோட்டில் போய் நின்ற கதைதான்.

மனசில் துக்கம் இருந்தால்தான் இது வரும் என்பதில்லையா என்று கேட்டேன்.

துக்கமெல்லாம் எதற்கு, ஊறுகாய் போதும் என்றார் டாக்டர் சிவசங்கரன்.

தலையில் இடி விழுந்தது என்பார்களே, எனக்கு அது மதுரைத் தல்லாகுளத்து ஆஸ்பத்திரியில் பட்டப்பகலில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னால்தான் இது புரியும்.

என் தங்கை ஒச்சாயியின் புருஷன் கருப்பு செத்து ஆறு வருஷம். சாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடித்துணி கொண்டுபோக வேண்டிய ஒரே அண்ணன் நான். ஒரு கிணற்றுத் தகராறைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. பாடை தூக்குகிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அன்றோடு அறுந்தது உறவு. எங்கப்பனுக்குச் சொட்டுக் கண்ணீர் விடாத மாமன் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று அவள் மகன் தவசி ஊரறியச் சொல்லிவிட்டான்.

பெரியவர்கள் விடவில்லை. தங்கச்சி வீட்டில் ஒரு வாய் கை நனைத்துவிட்டால் பகை தீர்ந்தது, வா என்று இழுத்துக்கொண்டு போனார்கள். நான் ஒன்றும் உருகிப்போய்ப் போகவில்லை. பிடுங்கல் தாங்காமல் போனேன். மூன்று கவளம், அப்புறம் எழுந்துவிடுவது என்று முடிவு.

தவசி கையைக் கட்டிக்கொண்டு நிலைப்படியில் நின்றான். அவனைப் பார்க்க முடியாமல் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

ஒச்சாயி கறிக்குழம்பு ஊற்றினாள். முதல் கவளம் உள்ளே போனதும் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. நான் துடைப்பதற்குள் அவள் என் முகத்தைக் குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கரண்டியைக் கீழே போட்டாள்.

"டேய் தவசி, ஒங்க மாமன் அழுகுறாருடா."

அவ்வளவுதான், வீடே அழுதது. கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கத்தான் செய்கிறது என்றார் ஒரு பெரியவர். தவசி வந்து என் காலில் விழுந்தான். அவன் கண்ணீர் என் பாதத்தில் சுட்டது. நான் மூன்று கவளத்தை மறந்து நாலு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன், அழுதுகொண்டே.

உண்மையைச் சொன்னால் அப்போது என் நெஞ்சுக்குள் ஒன்றுமே இல்லை. ஆனால் கண்ணே அழுகிறபோது நான் யார் மறுக்க? எனக்கே தெரியாமல் நல்லவனாகிவிட்டேன் போல என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். திங்கட்கிழமை கிளப்புக் கடையில் இட்லிக்கும், செவ்வாய்க்கிழமை டிப்போவில் தயிர்சாதத்துக்கும் அழுதபோதுதான் கண்டக்டர் பிச்சுமணி பயந்துபோய் என்னை இந்த ஆஸ்பத்திரிக்குத் துரத்திவிட்டார்.

ஆக, அது வெறும் எச்சில். செத்த மாப்பிள்ளைக்காக நான் இன்னும் ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

இவ்வளவு பெரிய பொய்யை நான் வாயால் சொல்லவே இல்லை. என் கண் சொல்லியிருக்கிறது. அதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

ஒச்சாயிக்கு மட்டும் தெரியக் கூடாது, தெரிந்தால் அந்த வீடு இன்னொரு தடவை இடிந்துபோகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் மேஜை மணியைத் தட்டிப் பஞ்சு கொண்டுவரச் சொன்னார்.

தட்டோடு உள்ளே வந்த ஆயா, ஒச்சாயி.

புருஷன் போனபிறகு மதுரையில் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று காதில் விழுந்திருந்தது. எந்த ஆஸ்பத்திரி, என்ன வேலை என்று விசாரித்தவனில்லை நான். ஞாயிற்றுக்கிழமை நாலு தடவை சோறு வாங்கியபோதுகூடக் கேட்கவில்லை.

நாங்கள் அண்ணன் தங்கை என்று டாக்டருக்குத் தெரியாது. போன வருஷம் ஒரு வாத்தியாருக்கு இதே மாதிரி, சாப்பிட்டால் ஒற்றைக் கண்ணில் தண்ணீர் வந்ததே, அது வாதம் வந்து எத்தனாவது மாசம் என்று அவளிடம் சாதாரணமாகக் கேட்டார்.

ஒச்சாயி யோசிக்கவே இல்லை. ஆறாம் மாசம் என்றாள். அதற்கு முந்தின வருஷம் வந்த பூக்காரம்மாவுக்கு ஏழாம் மாசம் என்றும் சொன்னாள்.

 அப்படியானால் முதல் கவளத்திலேயே இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மகனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதக் குனிந்தார். அவள் பஞ்சை எடுத்து என் இடது கண்ணில் ஒற்றினாள். 

"தவசிகிட்டச் சொல்லிறாதண்ணே" என்றாள், காதோரமாக.