மலர் சொல்லும் முதல் வாக்கியம்

பிரியாணிப் பார்சலுக்குச் சொல்லிவிட்டு வந்த ராபின், குட்டியானை வண்டியின் ஸ்டியரிங் முன் ஏறி உட்கார்ந்த பிறகும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

"உள்ள இருக்கிற வாண்டுக்கும் சேத்துக் கறி கூடப் போடச் சொல்லிருக்கேன். என்ன புள்ள, ஆஸ்பத்திரில நாக்கப் புடுங்கி வச்சுக்கிட்டாகளா?"

அல்போன்சா சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் மட்டும் போனது.

வண்டிக்குள் காலையில் இறக்கிய மல்லிகையின் வாடை இன்னும் போகவில்லை. அதன்மேல் பிரியாணி வாசம் வந்து ஏற, அவளுக்குக் குமட்டியது.

மசக்கை என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் குடித்ததும் வாங்கி, துடைக்காமல் தானும் வாய் வைத்துக் குடித்தான்.

எச்சிலில் பரவாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தட்டிவிடத்தான் கை போனது.

பார்சல் வருவதற்குள் சொல்லியாக வேண்டும்.

வந்துவிட்டால் வண்டி நேரே தாடிக்கொம்பு வீட்டுக்குப் போகும். மாமியாரும் நாத்தனார்களும் வாசலிலேயே சூழ்ந்துகொள்வார்கள். பொழுது சாய்ந்தால் அவன் பூ ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குக் கிளம்பிவிடுவான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கும் நம்பிக்கை மையத்து அக்கா தெளிவாகச் சொல்லிவிட்டாள். ரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று, எச்.ஐ.வி. இருக்கிறது. இன்றைக்கே மாத்திரையைத் தொடங்கி, விடாமல் சாப்பிட்டால் பிள்ளைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா, அவருக்கும் பார்க்க வேண்டும்.

அல்போன்சா அந்த அறையில் வாயே திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாத்திரை டப்பா இப்போது அவள் பையில், துண்டுக்கு அடியில் இருந்தது. மாமியார் கை துழாவாத பை அந்த வீட்டில் கிடையாது.

சொன்னால் அவன் முதலில் என்ன கேட்பான் என்பதும் தெரியும். யார்கிட்ட இருந்து?

உங்ககிட்ட இருந்துதான் என்று அவள் மனதில் இருந்த பதிலை வாயால் சொல்ல முடியாது.

"மாமா..." என்றாள். "வந்து... வெஞ்சனத்துக்கு முட்டை சொன்னீகளா?"

"சொல்லாம இருப்பனா தாயி!"

கடைக்குள் அண்டாவைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. அடுத்து அவர்கள் பொட்டலம்தான்.

அவள் செல்போனை எடுத்தாள். வாயில் வராவிட்டால் இதைப் போட்டுக் காட்டு என்று அந்த அக்கா ஒன்றை அனுப்பியிருந்தாள். வயசுப் பிள்ளைகளுக்காகச் செய்த பாடங்கள் அவை. ரெட்டைச் சடை போட்ட, மலர் என்ற பொம்மைப் பெண் திரையில் வாயசைத்துச் சொல்லிக்கொடுப்பாள். நேரில் யாரிடமும் கேட்க முடியாததையெல்லாம் பிள்ளைகள் அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்களாம்.

ஹெட்செட்டில் ஒன்றைத் தன் காதில் வைத்து, இன்னொன்றை அவன் காதில் செருகினாள்.

'துணைவரிடம் சொல்வது எப்படி?' என்று திரையில் எழுத்து வந்தது.

ராபினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அட, இந்த எய்ட்ஸ் புள்ளயா! பூ மார்க்கெட்ல பயலுக இதப் போட்டுத்தான் கெக்கெக்கேன்னு சிரிப்பானுக. இத எதுக்கு எனக்குப் போடுற?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கணீர்னு பேசுறா பாரு. உனக்குந்தான் கொரல் இருக்கு, அடுப்படியத் தாண்டாது." செத்த நேரம் கேட்டான். "ம்க்கும், எழுதிக் குடுத்தத ஒப்பிக்கிறதுக்கு என்ன? தனக்குன்னு வந்தால்ல தெரியும் அவளுக்கு."

அல்போன்சா மெல்லத் தலையாட்டினாள். அதைவிட உண்மை எதுவும் இல்லை.

மலர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள், எந்த இடத்தில் எச்சில் விழுங்குவாள் என்பதுவரை அவளுக்கு மனப்பாடம். இதோ, இப்போது நிறுத்துவாள்.

நிறுத்தினாள்.

"ராபின் அண்ணே, பார்சல்!" என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது.

அவன் ஒரு காதில் மலரோடு கதவைத் திறந்து காலை வெளியே வைத்தான். அல்போன்சா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். தையல் விட்டது.

"ஏ! என்ன புள்ள..."

'முதல் வாக்கியம்தான் கஷ்டம்,' என்றாள் மலர். 'இப்படிச் சொல்லிப் பாருங்கள்.'

அல்போன்சா வாயைத் திறந்தாள். வீட்டுப் பேச்சில் அது வரவே இல்லை. ஏட்டுத் தமிழில்தான் வந்தது.

"நான் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது."

ராபின் அசையாமல் நின்றான். காதுக்குள் கேட்டதும் அதே வாக்கியம்தான். அதே கணீர். ஒரு நூல் முந்தவில்லை, ஒரு நூல் பிந்தவில்லை.

அவன் திரையைப் பார்த்தான். அவள் வாயைப் பார்த்தான். மறுபடியும் திரையைப் பார்த்தான்.

காதில் இருந்ததை ஒயரோடு பிடுங்கி எறிந்தான். செல்போனிலிருந்து ஒயர் கழன்று விழுந்தது. பொம்மைப் பெண்ணின் வாய் பாதியில் நின்றது.

அவளுக்குக் குரல் கொடுத்திருந்த அல்போன்சாவின் வாய் நிற்கவில்லை.