அங்கத்தவர் அட்டை

கொட்பிறி மூன்றாவது தடவையும் கையைத் தூக்கியபோது பின்வரிசையில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

பின்னே என்ன? மணி ஒன்றரை. கிரவீன் மண்டபத்து வாசலில் பிரியாணிச் சட்டி வந்து இறங்கி அரை மணி நேரம் ஆகிறது. 'ஜெர்மன் கால்பந்து: புதிய ரசிகர்களுக்கு ஓர் அறிமுகம்' என்று உள்ளூர்க் கால்பந்துக் கழகத் தலைவர் செந்தில்நாதன் பேச ஆரம்பித்தது பதினொன்றரைக்கு. இந்தக் கொட்பிறி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

"நல்லா வால் பிடிக்கிறார்," என்று பின்வரிசைக் கலா பக்கத்துக் கதிரையில் இருந்தவளிடம் சொன்னது கொட்பிறியின் காதிலும் விழுந்தது.

விழட்டும். உண்மைதானே. வால்தான் பிடித்தார், பாவம். வேறு என்ன செய்வார்?

செவ்வாய்க்கிழமை அவருடைய விசா வழக்கு. மன்னாரிலிருந்து வந்து, இந்த நாட்டின் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் இரண்டு வருஷம் அடைபட்டுக் கிடந்து, வெளியே வந்து ஏழு வருஷம். இன்னமும் தற்காலிக விசாதான். இந்த ஊர்ச் சனங்களோடு ஒட்டி வாழ்கிறீர்கள் என்று ஏதாவது ஒரு சங்கத்திடம் கடிதம் வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் கஷ்டம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

கொட்பிறிக்குத் தெரிந்த ஒரே சங்கம் இந்தக் கால்பந்துக் கழகம். ஆறு வருஷமாக மைதானத்தில் வெள்ளைக்கோடு போடுவது அவர். வலை கட்டுவதும் அவர். சேறு பிடித்த ஜெர்சி முழுக்க அவர் வீட்டில்தான் தோயும்.

காலையில் கடிதம் கேட்டார். முதல்ல பேச்சு முடியட்டும், பாத்துக்கலாம் என்றார் தலைவர்.

ஆகவே பேச்சு நல்லபடியாக முடிய வேண்டுமே என்ற கவலை மண்டபத்தில் கொட்பிறிக்கு மட்டும்தான். யாரும் வாய் திறக்காமல் போன்களைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான், அங்கே போட்டி எப்படி நடக்கும் என்று முதல் கேள்வியைக் கேட்டார்.

தலைவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மேல் பிரிவில் பதினெட்டு அணி, ஆளுக்கு முப்பத்துநாலு ஆட்டம். கடைசி இரண்டு அணிகள் நேரே கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். அதற்கு மேலே நிற்பது, கீழ்ப் பிரிவில் மூன்றாவதாக வந்த அணியோடு இரண்டு ஆட்டம் ஆடி ஜெயித்தால் தப்பிக்கலாம். கீழே போகிறவனுக்கும் ஒரு கடைசிச் சந்தர்ப்பம் கொடுக்கிறார்களே என்று கொட்பிறிக்கு அந்த விதி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கழகங்களுக்கு முதலாளி யார் என்று அடுத்ததாகக் கேட்டார். முதலாளியாவது ஒன்றாவது என்றார் தலைவர். ஐம்பதுக்கு மேலே ஒன்று என்று அங்கே ஒரு விதி. எத்தனை கோடி கொட்டினவனாக இருந்தாலும், பாதிக்கு மேலே ஓட்டு சாதாரண அங்கத்தவர்களைக் கொண்ட சங்கத்தின் கையில்தான் இருக்க வேண்டுமாம்.

இப்போது மூன்றாவது கேள்வி.

"சேர், அங்க அங்கத்தவராச் சேர என்ன தகுதி வேணும்?"

இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி தலைவர் பர்ஸிலிருந்து ஒரு ஜெர்மன் கழகத்தின் அங்கத்தவர் அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"ஒரு தகுதியும் வேணாம். இங்க குவேக்கர்ஸ் ஹில்ல, வீட்ல உக்காந்துக்கிட்டே ஃபார்ம் போட்டேன். அந்த ஊர் மைதானத்தை நான் பாத்ததுகூட கிடையாது. எந்த நாடு, என்ன விசான்னு ஒரு வார்த்தை கேக்கல. மூணே வாரத்துல கார்டு வந்திருச்சு. நம்ம டீமை நேசிக்கிறவன் நம்ம ஆளு. அவ்வளவுதான் அவங்களுக்கு."

சொல்லும்போது அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. கொட்பிறிதான் முதலில் கை தட்டினார். இப்பேர்ப்பட்ட மனிதர் கடிதம் தருவாரோ மாட்டாரோ என்று காலையிலிருந்து சந்தேகப்பட்டோமே என்று அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிரியாணி வரிசையில் தலைவருக்குப் பக்கத்தில் போய் நின்று கடிதத்தை நினைவுபடுத்தினார்.

"கழகத்து லெட்டர்ஹெட்ல மெம்பர்ஸுக்கு மட்டும்தான் குடுக்க முடியும், கொட்பிறி."

"அப்ப என்னைச் சேருங்கோ சேர். இப்பவே ஃபோம் நிரப்பித் தாறன்."

நிரந்தர விசா இருப்பவர்களைத்தான் சேர்க்க முடியும் என்று விதியில் இருக்கிறதாம்.

"அந்த விசாவுக்குத்தானே சேர் கடிதம் கேக்கிறன்."

தலைவர் தட்டில் முட்டையை வைத்துக்கொண்டே, ஒருத்தருக்காக விதியை வளைத்தால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்றார். கொட்பிறி சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவர் தோய்த்த ஜெர்சியைப் போட்டு விளையாடியவர்கள், அல்லது அவர்களுடைய அப்பா அம்மாக்கள்.

"அங்கத்தவர் எல்லாரும் இஞ்சதானே நிக்கினம். நீங்கள் சொன்ன மாதிரி ஒருக்கா ஓட்டுக்கு விட்டுப் பாக்கலாமே?"

தலைவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற செயலாளர் ஸ்ரீகாந்தும் சிரித்தார்.

"அட, அது ஜெர்மனிங்க," என்றார் தலைவர்.

கொட்பிறி கையிலிருந்த வெறும் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

தலைவருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பின்னாலேயே வந்து தோளில் கை போட்டார்.

"மனசத் தளர விட்டுடாதீங்க. கடவுள் பாத்துக்குவார். அப்புறம், போறதுக்கு முன்னாடி அந்தத் திரையைச் சுருட்டி, நாற்காலியெல்லாம் அடுக்கி வச்சிடுங்க. சனிக்கிழமை மேட்ச், கோடு போட மறந்துடாதீங்க. இதெல்லாம் நான் வேற யார்கிட்டப் போய்ச் சொல்றது? நீங்கதானே நம்ம ஆளு."