நானூற்றுப் பன்னிரண்டு அளவுகள்

காலை ஒன்பது மணியிலிருந்து கணினி கேட்டுக்கொண்டே இருக்கிறது, இயந்திரம் வாயைத் திறக்கவில்லை.

சொட்டு மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. மூன்று மணிக்கு மாடியில் அவள்மேல் விசாரணை.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். ஒரு சொட்டு கூடிவிட்டால்கூட மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அப்படிப்பட்டவளைத்தான், அளக்காமலே எண்களை எழுதிவைத்திருக்கிறாள் என்று தணிக்கைக்கு வந்த ஒரு புண்ணியவான் மேலிடத்துக்குக் கடிதம் போட்டுவிட்டார்.

அவளுடைய ஒழுங்கே அவளுக்கு வினையாக வந்தது. தண்ணீரில் ஈயம் எவ்வளவு என்று அளந்து இயந்திரம் சின்னச் சீட்டாக அச்சடித்துத் தரும். மற்றவர்கள் அதைக் குண்டூசியில் குத்திவைத்தார்கள். இவள் ஒவ்வொன்றையும் பசை தடவி நோட்டில் ஒட்டினாள். கடையில் பில் போடுகிற அதே வழவழத் தாள். பசை பட்ட எழுத்தெல்லாம் மெல்ல மெல்ல வெளுத்து, மூன்று வருட நோட்டில் இப்போது இருப்பது வெள்ளைச் சீட்டும் பக்கத்தில் அவள் கையெழுத்தும்தான்.

"எல்லாச் சீட்டுமா அழிஞ்சுபோச்சு?" என்று மேலதிகாரி கேட்ட விதத்திலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. வேலை போனால் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம். பொய் எழுதியவள் என்ற பெயரோடு போக முடியாது.

மிச்சமிருப்பது இயந்திரத்தின் நினைவு ஒன்றுதான். அதன் அச்சடிக்கும் பாகம் போன வருடமே செத்துவிட்டது. சின்னத் திரையில் கடைசி அளவு மட்டும் தெரியும். பழையதெல்லாம் உள்ளே இருக்கிறது, கணினி வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அதைக் காப்பாற்றி வைத்திருக்கும் பேட்டரியோ, இப்போதோ அப்போதோ என்று சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வாரமாகச் சர்வீஸ் கம்பெனியை நச்சரித்துக்கொண்டிருந்தாள். இன்று காலை கதவைத் திறந்தபோது பையோடு ஒருவர் நின்றார். ஐம்பதைத் தாண்டிய ஆள். "அந்தப் பழைய மெஷின் எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிவந்தாள்.

இப்போது அவருடைய பாதி உடம்பு மேசைக்கடியில் இருந்தது.

"ஊக்கு இருக்கா?" என்று கை மட்டும் வெளியே நீண்டது.

சாவிக்கொத்தில் கோத்திருந்ததைக் கழற்றிக் கொடுத்தாள். கேபிளை இயந்திரத்திலிருந்து பிடுங்கி, அதன் முனையில் இருந்த இரண்டு ஊசிகளை ஊக்கால் இணைத்தார். அவள் கணினியில் தட்டிய எழுத்து போன வழியே திரும்பி வந்தது. ஆக, கேபிளில் கோளாறு இல்லை.

"ரெண்டும் ஒரே கம்பியில பேசுது. கேக்குறதுக்கு ஆளில்ல."

"எங்க ஆபீஸ் மாதிரியே," என்றாள். அவளை அறியாமல் வந்துவிட்டது.

அவர் சிரித்தபடி, கம்பிகளை இடம் மாற்றிவிடும் ஒரு சின்ன இணைப்பை நடுவில் செருகினார். அவள் இயந்திரத்தின் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் என்னவோ வந்து கொட்டியது. கட்டமும் கேள்விக்குறியுமாக, மனிதர் படிக்கிற மாதிரி எதுவும் இல்லை. ஆனாலும் இயந்திரம் வாயைத் திறந்துவிட்டது.

கணினி கேட்கும் வேகம் வேறு, இயந்திரம் பேசும் வேகம் வேறு என்றார். வேகத்தைக் கூட்டினார். குப்பைதான் கூடியது.

"இதுக்கு அவசரமே ஆகாது சார். சூடாகவே அரை மணி நேரம் எடுத்துக்கும். குறைச்சுப் பாருங்க."

குறைத்தார். அவள் பொத்தானை அழுத்தினாள். இன்னும் குறைத்தார். மூன்றாவது தடவை இறக்கியபோது திரையில் ஒரு வரி வந்து நின்றது. தேதி, மாதிரி எண், ஈயத்தின் அளவு. அதன் கீழே இன்னொரு வரி.

நோட்டைப் பிரித்து விரலை வைத்துக்கொண்டே வந்தாள். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. சந்தேகப்பட்டு ஒரே தண்ணீரை மூன்று தடவை அளந்திருந்தாளே, அந்த மூன்றும் வரிசையாக வந்தன. அழுகை வந்தது, அவள் அடக்கவில்லை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள்.

"அந்தக் கடிதாசி எழுதின ஆளு மட்டும் என் கையில கிடைக்கட்டும் சார். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்."

அவர் பக்கத்துப் பிரிண்டரில் வந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

போன் அடித்தது. சர்வீஸ் கம்பெனி. அந்த மாடல் தெரிந்த ஆள் தங்களிடம் யாருமே இல்லை, அதனால் இன்று யாரையும் அனுப்ப முடியவில்லை, மன்னிக்கணும் என்றார்கள்.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

அவர் பையிலிருந்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்து ஒவ்வொரு தாளின் அடியிலும் குத்தி, 'என் முன்னிலையில் எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தணிக்கை அதிகாரி. அவர் தணிக்கைக்கு வந்த அன்று அவள் விடுப்பில் இருந்தாள். ஆளைத் தெரியாது, கடிதத்தின் அடியில் இருந்த அந்தக் கையெழுத்து நன்றாகத் தெரியும்.

"அந்தக் காலத்துல நானும் இதே மெஷின்லதான் வேலை பார்த்தேன்," என்றார் தலை நிமிராமல். "ஆனாலும் நோட்டைப் பார்த்தப்ப, பசையாலதான் வெளுத்துச்சுன்னு எனக்குத் தோணல. போன வாரம் எங்க வீட்டு ஃபிரிட்ஜ் நின்னுபோச்சும்மா. கேரண்டி பில்லு தொலைஞ்சுடக் கூடாதுன்னு பசை போட்டு அட்டையில ஒட்டி வச்சிருந்தேன். எடுத்துப் பார்த்தா வெறும் வெள்ளைத் தாள்."

ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த வசவெல்லாம் அவளுடைய தொண்டைவரை வந்து நின்றது.

"இப்ப ஃபிரிட்ஜ் ஓடுதா சார்?"

"இன்னும் இல்லம்மா. முதல்ல இதைச் சரிபண்ணிடலாம்னு வந்தேன்."