மூடிய கதவுக்குள் மழை

"ஏதாச்சும் ஒன்னு ஒடஞ்சிருக்குன்னு சொல்லிருங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஒடையாததை எப்படி ஒடஞ்சிருக்குன்னு சொல்றது, தங்கச்சி?"

கஜேந்திரன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான். பண்டாரவளை டவுனில் அவனுக்கு ஒரு சின்ன ரிப்பேர் கடை. ரேடியோ, கிரைண்டர், இஸ்திரிப்பெட்டி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவான். பாத்திரம் கழுவும் மெசினைத் தொடுவது இது இரண்டாவது தடவைதான்.

அந்த வீட்டில் சமைக்கும் விஜயலெட்சுமி, சமையலறை வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மெசின்ல பிழை இல்லேன்னா பிழை ஏங்கிட்டயாம். சாப்பாட்டுக் கோப்பைய ஒழுங்கா அடுக்காமத்தான் சோறும் தேங்காய்ப்பூவும் ஒட்டிக்கிட்டே வருதாம். திங்கக்கிழமையோட நின்னுக்கன்னு ஐயா சொல்லிட்டாரு. மடுல்சீமைத் தோட்டத்துக்கே திரும்பிப் போனா எம்பொண்ணு படிப்பு போச்சுண்ணே. அங்க பஸ்ஸே ஒழுங்கா வராது. இங்க இருக்க பள்ளிக்கூடத்துக்கு அவ எப்படி வருவா?"

கஜேந்திரன் மறுபடி மெசினுக்குள் எட்டிப் பார்த்தான். கொழும்பில் ஏதோ வெளிநாட்டுக் குடும்பம் விட்டுப்போன மெசின் அது. ஐயாவின் மகள் ஆர்த்திகா வாங்கி, லொறியில் ஏற்றி அனுப்பியிருந்தாள். வயது எப்படியும் பதினைந்து இருக்கும். ஆனாலும் குறை எதுவும் அகப்படவில்லை. வடிகட்டி சுத்தம். தண்ணீர் பீய்ச்சும் துளைகளில் ஊசி விட்டுப் பார்த்தாயிற்று, அடைப்பு இல்லை. தண்ணீர் நன்றாகச் சுட்டது. பருப்பும் தேங்காய்ப்பால் சொதியும் பூசி வைத்த கோப்பைகள் இப்போதுதான் பளபளவென்று வெளியே வந்திருந்தன.

"நான் நின்னா நல்லாத்தானே கழுவுது!"

"உங்களப் பார்த்துப் பயந்துருச்சோ என்னமோ."

சிரித்துக்கொண்டே குனிந்தவன் அப்படியே நின்றான். மெசினுக்கு முன்னால் பலகைத் தரை ஊறி உப்பியிருந்தது.

"இது உள்ளருந்து தெறிச்ச சுடுதண்ணி. ஓடும்போதே யாரோ கதவத் திறந்திருக்காங்க. நீயா?"

"எம்புள்ள மேல சத்தியமா இல்லண்ணே! மெசினப் போட்டுட்டு நான் துணி காயப்போட மேட்டுக்குப் போயிருவேன்."

"அப்ப ஐயாவா?"

"நல்லாக் கேட்டீங்க! முப்பது வருசம் அரசாங்கக் கச்சேரியில பெரிய உத்தியோகம் பார்த்தவரு. குசினி வாசப்படியத் தாண்ட மாட்டாரு. குடிக்கத் தண்ணி வேணும்னாலும் மணியடிப்பாரு."

"அப்ப நீதான். உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க ஆசை வந்திருக்கும்."

"ஆசை வராம இருக்குமா? காதை வச்சுக் கேட்டிருக்கேன். தோட்டத்து லயத்து வீட்டுத் தகரக் கூரையில மழை கொட்டுற மாதிரியே இருக்கும். ஆனாத் திறந்ததில்ல. நம்ம திறந்து ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

கஜேந்திரன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு டோர்ச்சை எடுத்து அவள் கையில் கொடுத்தான். மெசினை ஓடவிட்டு, கதவை ஒரு விரலளவு திறந்து, கொண்டியில் இருந்த சின்னப் பொத்தானை ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பிடித்தான். கதவு மூடியிருப்பதாகவே நினைத்து மெசின் தண்ணீரை நிறுத்தாமல் ஓடியது.

"இப்பப் பாரு."

அவள் ஒரு கண்ணை இடுக்கில் வைத்தாள். உள்ளே இருட்டில் மழை பெய்தது. மேலிருந்து கீழே அல்ல, கீழிருந்து மேலே. இரண்டு மெல்லிய கைகள் சுழன்று சுழன்று தண்ணீரை வீச, வெளிச்சம் பட்ட ஒவ்வொரு துளியும் ஒரு கணம் தங்கமாகி மறைந்தது. நீராவிக்குள் கோப்பைகள் வரிசையாக, கோயிலில் நிற்பவர்கள் போல அசையாமல் நின்றன.

"ஏ ஆத்தா…"

தெறித்த தண்ணீர் அவள் நெற்றியில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. மூச்சுவிடுகிறாளா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. கதவு திறந்தும் தண்ணீர் ஏன் நிற்கவில்லை என்று அவள் கேட்கவே இல்லை; திறந்தால் நிற்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. திறந்தது இவள் இல்லை.

"என்ன தம்பி, பிழை பிடிபட்டதோ?"

இருவரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். வாசற்படிக்கு அந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டியபடி கனகசபை ஐயா நின்றார்.

"மெசின்ல பிழை இல்லிங்கய்யா. இவங்ககிட்டயும் இல்ல. ஓடும்போது யாரோ கதவத் திறக்கிறாங்க. திறந்தாத் தண்ணி நின்னுரும். ஆனா இந்தப் பழைய மெசின்ல நேரம் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். திறந்து வச்சிருக்க நேரம் பூரா கழுவாமலே போயிருதுங்க."

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"விஜயலெட்சுமி, நீ ஒரு இடமும் போகத் தேவையில்லை. ரோட்டுப் படலையடியில போய், பிள்ளை பள்ளிக்கூடத்தால வந்திட்டுதோ எண்டு பார்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினாள்.

அவள் காலடிச் சத்தம் அடங்கும்வரை ஐயா காத்திருந்தார். பிறகு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, பழகிய கையால் மெசினின் கொண்டியைத் தடவினார்.

"திறந்தால் கழுவாதெண்டு எனக்குத் தெரியாது, தம்பி. எவ்வளவு கெதியாத் திறந்தாலும் நான் பாக்கிறதுக்குள்ள நிண்டுபோகுது. இப்ப அவளுக்குக் காட்டினீரெல்லோ… எனக்கும் ஒருக்காக் காட்ட ஏலுமோ?"