பச்சை வில்லை

தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு ஏற்றிப் போகிறவன் இன்னாசி. விடியற்காலையில் உடம்பில் ஒட்டி உடல்நிலையைச் சோதிக்கும் வில்லை பச்சை காட்டினால்தான் அவனுடைய லாரி ஸ்டார்ட் ஆகும். நேற்று அவன் ஸ்டியரிங்கிலேயே மயங்கிச் சரிந்தான்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவன் பெண்டாட்டி புஷ்பமேரியிடம் சொன்னார்: "சிறுநீரகம் கெட்டா சில ஹார்மோன் தாறுமாறா ஏறும்மா. அது இதயத் தசையத் தடிக்க வெச்சிரும். இவருக்கு ரொம்ப நாளா தடிச்சிருக்கு. அப்புறம் வில்லை எப்படித் தினமும் பச்சை காட்டுச்சு?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்த இன்னாசி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

புஷ்பமேரியின் கை தானாக முதுகுக்குப் போனது. அங்கே வட்டமாக ஒரு தடிப்பு. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என் மேலயா ஒட்டுனீங்க?"

"செவப்பு வந்தா வண்டியப் புடுங்கிருவாங்க மேரி. அதான், நீ தூங்கும்போது..."

அவனுக்குப் பிரஷர் என்று அவளும் கூடச் சேர்ந்து உப்பில்லாமல் சாப்பிட்டு வந்தாள். அந்த உடம்புதான் பச்சை காட்டியிருக்கிறது.

"நான் எங்க தூங்குனேன்?" என்றாள். "விடியக்காலம் ஆசையா முதுகத் தடவுறீங்கன்னுல்ல தெனமும் கண்ணத் தெறக்காமப் படுத்துக் கெடந்தேன்!"