கடைசித் தட்டு

ரட்கா ஆய்வகத்துக்குள் வந்தபோது கலினா ப்ளீச் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள்.

பேராசிரியர் லூபென் இறந்த ஒன்பதாம் நாள். கல்லறைக்குப் போய்விட்டு, வழக்கப்படி அவர் நினைவாகத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வேகவைத்த கோதுமையைக் கோப்பைகளில் கொடுத்துவிட்டு, அவர் மனைவி ரட்கா கடைசியில் இங்கே வந்திருந்தாள்.

முப்பது வருடம் அவர் வேலை பார்த்த இடம். அவள் உள்ளே வருவது இதுதான் முதல் தடவை.

"கடவுள் அவர மன்னிக்கட்டும்" என்று ஒரு கோப்பையை நீட்டினாள்.

கலினா வாங்கிக்கொண்டு அதையே திருப்பிச் சொன்னாள். அவரிடம் ஆராய்ச்சி செய்தவள். கண் இன்னும் வீங்கியிருந்தது.

"என்ன பண்ணிட்டிருக்க?"

"புதுசா வந்த தலைவர், அணுக்கள வளக்கற இன்குபேட்டரக் காலி பண்ணச் சொல்லிட்டார்மா. எல்லாத்தையும் அழிச்சாச்சு. இந்த ஒரு தட்டுதான் பாக்கி."

"இதுதானா அது? காட்டு."

கலினா தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். ரட்கா குனிந்தாள். மீன் சினைபோல மணிமணியாக மின்னியது.

வெள்ளையணுக்கள் என்றாள் கலினா. ரத்தக்குழாயின் சுவரில் சேரும் குப்பையைத் தின்று சுத்தம் செய்பவை. சாதாரணக் கொலஸ்டிரால் என்றால் போதுமென்று நிறுத்திக்கொள்ளும். கெட்டுப்போன கொலஸ்டிரால் என்றால் நிறுத்தத் தெரியாது. தின்று தின்று ஊதி, நகர முடியாமல் அங்கேயே செத்துக் குவியும். அப்புறம் அடைப்புதான்.

"பன்றிக் கொழுப்பும் சாராயமுமா உட்கார்ந்தா இவரும் எந்திரிக்க மாட்டாரு" என்றாள் ரட்கா. "இத்தனையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு."

மாரடைப்பில் விழுந்தவரை ஆய்வகத்து மாடிப்படியிலிருந்து தூக்கியவர்களில் கலினாவும் ஒருத்தி.

"இங்க ஒரு பொம்பளை இருக்கான்னுதான் ரொம்ப வருஷம் நெனச்சேன்." ரட்கா கண்ணை எடுக்காமலேயே பேசினாள். "உன்னையும் நெனச்சேன், தப்பா எடுத்துக்காத. பொம்பளைன்னா தலைமயிரப் பிடிச்சு இழுத்திருப்பேன். மக கல்யாணத்தன்னிக்குப் பாதி விருந்துல எழுந்து வந்தாரு. இதுக்குத் தீனி வைக்கணுமாம்."

வெளியே யாரோ கதவில் அவருடைய இரங்கல் தாளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரோட ரத்தம் இது?"

"ரத்தம் குடுத்த ஒருத்தரோடது."

"உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"எங்க வீட்டு ஆளு மண்ணுக்குள்ள. இது இருக்கு."

ரட்கா நிமிர்ந்தாள். ப்ளீச் பாட்டிலை எடுத்தாள்.

"இத நான் ஊத்துறேன்."

"வேண்டாம்மா, கையில பட்டா எரியும்."

"எரியட்டும்."

கலினாவின் கை பாதி நீண்டு நின்றது. தடுக்க ஒரு வார்த்தை போதும். ரட்கா தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணிக்குக் கீழேயிருந்த முகத்தைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

ரட்கா நிதானமாக ஊற்றினாள். மறுபடி குனிந்து பார்த்தாள். மணிகள் கலங்கின, உடைந்தன, கரைந்தன. ஒன்றுகூட மிச்சமில்லாமல் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குத்தான் மூச்சு விட முடியுது" என்றாள்.

போகும்போது கலினாவின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள்.

அவள் காலடிச் சத்தம் படிகளில் இறங்கி மறைந்தது. கலினா காலித் தட்டைக் கழுவாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்தத் தட்டுக்கு ரத்தம் எடுத்த அன்று, கொடுக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. நேரத்தை வீணாக்க வேண்டாமென்று பேராசிரியரே நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, அவள் முன்னால் கையை நீட்டினார்.